மாநில வெறுப்புக் குற்றச் சட்டமும் ஊர் மன்றங்களும்: தென் கரோலினா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஏதேனும் ஒரு நகர மன்றமோ கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) மன்றமோ வெறுப்புக் குற்றம் பற்றி விவாதத்துக்கு எடுக்கும்போதெல்லாம், அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஏறக்குறைய அதே ஐயங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. தங்கள் மீதோ தங்கள் வீட்டின் மீதோ தாக்குதல் நடந்திருந்தால், வழக்கறிஞர் ஒருவரை நேரில் கலந்தாலோசிப்பதே முறை.

வெறுப்புக் குற்றம் என்றால் என்ன? ஒருவரை வெறுத்தாலே குற்றமா?

இல்லை. வெறுப்பு மட்டும் அமெரிக்காவில் எங்கும் குற்றமாகாது. அடித்தல், மிரட்டுதல், தீ வைத்தல், சொத்தைச் சேதப்படுத்துதல் போன்ற, முன்பே குற்றம் என்று வரையறுக்கப்பட்ட ஒரு செயல் முதலில் நடந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் இனம், மதம், பிறந்த நாடு, பாலினம், உடற்குறை போன்ற ஓர் அடையாளத்துக்காகவே குற்றவாளி அவரைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் நிரூபிக்கப்பட்டால், அச்செயல் வெறுப்புக் குற்றமாகிறது.

பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் அடிப்படைக் குற்றத்துக்கான தண்டனையைக் கூட்டும் வகையில் எழுதப்பட்டவை. சில சட்டங்கள் அதைத் தனிக் குற்றமாகவே வரையறுக்கின்றன. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரே குற்றத்துக்கு இரண்டு வழக்குகள் போடலாமா என்ற பிற்பகுதிக் கேள்வி எளிதாகப் புரியும்.

தென் கரோலினாவில் இப்படி ஒரு சட்டமே இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2025ஆம் ஆண்டு முடியும்போதும் மாநிலம் தழுவிய வெறுப்புக் குற்றச் சட்டம் இல்லாதவையாகப் பொதுவாகக் குறிப்பிடப்படும் மாநிலங்கள் இரண்டே: தென் கரோலினா, வயோமிங். இந்தியானா 2019இலும், ஜார்ஜியா 2020இலும், ஆர்கன்சா 2021இலும் சட்டம் இயற்றிவிட்டன. அவற்றுள் இந்தியானா, ஆர்கன்சா சட்டங்கள் நீர்த்துப்போனவை என்று விமர்சிக்கப்படுவதுண்டு. ஆர்கன்சா சட்டம் எந்தெந்தப் பிரிவினருக்குப் பாதுகாப்பு என்று பட்டியலிடவே இல்லை.

தென் கரோலினாவின் சட்டப் புத்தகத்தில் எதுவுமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கும்பலாகச் சேர்ந்து தாக்குவதும், பிறர் நிலத்தில் அனுமதியின்றி எரியும் சிலுவையை நடுவதும் அங்கே குற்றங்களே. 2023 நவம்பரில் கான்வே அருகே ஒரு கருப்பினத் தம்பதியின் வீட்டுக்கு எதிரே அண்டை வீட்டார் சிலுவையை எரித்தது தங்கள் சொந்த நிலத்தில். அதனால், மாநிலச் சட்டத்தின்கீழ் உடனே பதிய முடிந்தது தொல்லை கொடுத்தல் என்ற வழக்கு மட்டுமே. சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நிகழ்வைக் காட்டினால் போதும்.

2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவனுக்கு மரண தண்டனை கிடைத்ததே. பிறகு தனிச் சட்டம் எதற்கு?

2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனின் இமானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் தேவாலயத்தில் விவிலிய வகுப்பில் அமர்ந்திருந்தவர்களை வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டதில் ஒன்பது பேர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் அத்தேவாலயத்தின் போதகரும் மாநில செனட் உறுப்பினருமான கிளெமென்டா பிங்க்னி. குற்றவாளியை 2016 டிசம்பரில் 33 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியாக அறிவித்தது கூட்டரசு நீதிமன்றம். மரண தண்டனை விதித்ததும் அதுவே. மாநில நீதிமன்றத்தில் 2017 ஏப்ரலில் அவன் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்பது ஆயுள் தண்டனைகள் பெற்றான். அந்த மாநில வழக்கின் குற்றச்சாட்டுகளில் இனவெறியைக் குறிக்கும் ஒரு பிரிவும் இல்லை. மாநிலத்திடம் அப்படி ஒரு பிரிவு இருக்கவில்லை.

எனவே "கொலைக்குத்தான் உச்சபட்சத் தண்டனை இருக்கிறதே" என்ற வாதம் கொலையைப் பொறுத்தவரை சரியானதே. ஆனால் வெறுப்புக் குற்றங்களில் பெரும்பாலானவை கொலைகள் அல்ல. மிரட்டல், அடிதடி, கல்லெறிதல், கோயில் சுவரில் கிறுக்குதல் போன்றவற்றுக்குக் கிடைக்கும் தண்டனையில்தான் சட்டம் இருப்பதும் இல்லாததும் வேறுபாட்டை உண்டாக்கும். விவாதம் ஒவ்வொரு முறையும் தேவாலயப் படுகொலையை மட்டும் சுற்றிவருவது, சட்டத்தை ஆதரிப்பவர்களுக்கே பாதகம் என்பது என் கருத்து.

கூட்டரசுச் சட்டம் இருக்கும்போது மாநிலச் சட்டமும் வேண்டுமா?

கூட்டரசின் முதன்மைச் சட்டம், 2009 அக்டோபர் 28 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மேத்யூ ஷெப்பர்டு, ஜேம்ஸ் பைர்டு சட்டம். ஷெப்பர்டு 1998இல் வயோமிங்கிலும், பைர்டு அதே ஆண்டு டெக்சாஸிலும் கொல்லப்பட்டவர்கள். உடற்காயம் ஏற்படுத்தியதோ, ஆயுதம் அல்லது தீயைக் கொண்டு அதற்கு முயன்றதோ இருந்தால்தான் இச்சட்டம் பொருந்தும். வழக்குத் தொடர அரசின் தலைமை வழக்குரைஞரோ அவர் நியமித்தவரோ சான்றளிக்கவும் வேண்டும். வழிபாட்டுத் தலங்களுக்கும் குடியிருப்பு உரிமைக்கும் வேறு கூட்டரசுப் பிரிவுகள் உண்டு.

தென் கரோலினாவிலேயே அச்சட்டம் பயன்பட்டிருக்கிறது. 2019இல் ஆலண்டேல் பகுதியில் திருநங்கை ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் 2024 பிப்ரவரியில் நடுவர் குழு அளித்த தீர்ப்பே, பாலின அடையாளத்தை ஒட்டிய வெறுப்புக் குற்றத்துக்குக் கூட்டரசு விசாரணையில் கிடைத்த முதல் தீர்ப்பு. ஆனால் கொலை நடந்ததற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையே நாலரை ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்றாடம் நடக்கும் மிரட்டலுக்கும் சுவர்க் கிறுக்கலுக்கும் கூட்டரசு வழக்குரைஞர்கள் வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

மாநிலம் இயற்ற வேண்டிய சட்டத்தில் நகர மன்றத்துக்கு என்ன வேலை?

மாநிலச் சட்டத்தை இயற்றும் அதிகாரம் நகர மன்றத்துக்கு இல்லை. ஆனால் குற்றம் நடந்ததும் முதலில் வந்து நிற்பது நகரக் காவலரோ கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபோதான். அடுத்த வாரம் மக்கள் போய்க் கேள்வி கேட்பதும் ஊர் மன்றத்தில்தான். ஆகவே மாநிலச் சட்டமன்றம் அசையாத இடங்களில் ஊர் மன்றங்கள் சில வழிகளில் தங்கள் ஆதரவைக் காட்டுகின்றன. சட்டம் இயற்றுமாறு மாநிலத்தை வலியுறுத்தும் தீர்மானம் ஒரு வழி. மேயரும் காவல்துறைத் தலைவரும் சட்டமன்றக் குழுவின் முன் சென்று கருத்துக் கூறுவது மற்றொன்று. ஆண்டுதோறும் தங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்ப்பதும் உண்டு. இவை எல்லாவற்றையும் விட அதிகம் பேசப்படுவது, மன்றமே தன் எல்லைக்குள் செல்லுபடியாகும் சட்டம் ஒன்றை நிறைவேற்றிக்கொள்வது.

தீர்மானத்துக்கும் நகர்மன்றச் சட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

தீர்மானம் மன்றத்தின் கருத்தைப் பதிவு செய்கிறது. அதை மீறியதாக யார் மீதும் வழக்குப் போட முடியாது. நகர்மன்றச் சட்டம் அந்த ஊர் எல்லைக்குள் கட்டுப்படுத்தும் சட்டம். அதன்கீழ்க் காவலர் வழக்குப் பதியலாம், ஊர் நீதிமன்றம் தண்டிக்கலாம். உங்கள் ஊர் "வெறுப்புக் குற்றத்துக்கு எதிராக ஒருமனதாக வாக்களித்தது" என்ற செய்தியைக் கண்டால், இவ்விரண்டில் எது நிறைவேறியது என்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புங்கள். குழுக்களில் உலவும் குழப்பத்தில் பாதி இதனால் வருவது.

எந்த ஊர்கள் இப்படிச் சட்டம் போட்டிருக்கின்றன?

தென் கரோலினாவில் முதலில் முன்வந்தது சார்ல்ஸ்டன் நகரம். ஜான் டெக்லன்பர்க் மேயராக இருந்தபோது, 2018 நவம்பரில், வெறுப்பின் அடிப்படையில் அச்சுறுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டத்தை அந்நகர மன்றம் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் அடிமை முறையில் நகரத்துக்கு இருந்த பங்குக்காக அம்மன்றம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டிருந்தது. மாநிலத் தலைநகரான கொலம்பியா 2019இல் பின்தொடர்ந்தது. அதன்பின் வேறு பல ஊர்களும் சேர்ந்தன. 2025இல் ரிச்லேண்ட் கவுண்டி மன்றமும் இவ்வகைச் சட்டத்தை நிறைவேற்றியது. கொலம்பியா நகரின் பெரும்பகுதி அக்கவுண்டிக்குள்தான் இருக்கிறது. ஆனால் நகர எல்லைக்கு வெளியே உள்ள குடியிருப்புகளுக்கு நகரத்தின் சட்டம் செல்லாது என்பதால் கவுண்டிச் சட்டம் தனியே தேவைப்பட்டது.

இந்த எல்லைச் சிக்கலை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். அஞ்சல் முகவரியில் "கொலம்பியா" என்று இருப்பதாலேயே ஒரு வீடு கொலம்பியா நகர எல்லைக்குள் இருப்பதாகாது. புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகள் பலவும் நகர எல்லைக்கு வெளியே, ஷெரிஃபின் அதிகாரத்துக்குள் வருபவை.

வெறும் 500 டாலர் அபராதமும் 30 நாள் சிறையும்தானே? அதைவிடக் கடுமையாக நகரமே ஏன் போடக்கூடாது?

போட முடியாது. தென் கரோலினாவில் நகர மன்றம் தன் சட்டத்தை மீறுபவருக்கு விதிக்கக்கூடிய உச்சத் தண்டனை 500 டாலர் அபராதம், அல்லது 30 நாள் சிறை, அல்லது இரண்டும். கவுண்டிகளுக்கும் ஏறத்தாழ இதே வரம்புதான். மேலும், மாநிலக் குற்றவியல் சட்டங்களையும் அவற்றுக்கான தண்டனைகளையும் உள்ளாட்சிகள் ஒதுக்கிவைக்கக் கூடாது என்று மாநில அரசமைப்பின் 8ஆம் பிரிவு கூறுகிறது. சிறிதளவு கஞ்சா வைத்திருப்போருக்கு மாநிலச் சட்டத்தை விடக் கடுமையான கட்டாயச் சிறையை விதித்த வடக்கு சார்ல்ஸ்டன் நகரின் சட்டத்தை, மாநில உச்ச நீதிமன்றம் 1991இல் இந்தக் காரணத்தால்தான் செல்லாததாக்கியது.

ஆக, சுவரில் கிறுக்கியவனுக்கும் வாய்மொழியாக மிரட்டியவனுக்கும் நகர்மன்றச் சட்டம் ஓரளவு பயன்படும். துப்பாக்கியால் சுட்டவனுக்கு அது பொருட்டே இல்லை. அப்படியானால் எதற்கு இந்த உழைப்பு என்று கேட்கலாம். என் மதிப்பீட்டில் இந்தச் சட்டங்களின் உண்மையான பலன் தண்டனையில் இல்லை. "எங்களால் இவ்வளவுதான் முடியும், மீதியை நீங்கள்தான் செய்ய வேண்டும்" என்று மாநிலச் சட்டமன்றத்தை நோக்கி எழுத்தில் சொல்லும் ஆவணங்கள் அவை. அத்துடன், காவலர்கள் ஒரு நிகழ்வில் வெறுப்பு நோக்கம் இருந்ததா என்று கேட்டுப் பதிவு செய்யும் பழக்கத்தையும் அவை உண்டாக்குகின்றன.

மாநிலச் சட்ட முன்வடிவு ஏன் செனட்டில் நின்றுபோகிறது?

பிங்க்னியின் பெயரைத் தாங்கிய முன்வடிவை மாநிலப் பிரதிநிதிகள் அவை இரண்டு முறை நிறைவேற்றியிருக்கிறது. 2021 ஏப்ரலில் 79க்கு 29 என்றும், 2023 மார்ச்சில் 84க்கு 31 என்றும் வாக்குகள் விழுந்தன. இரண்டு முறையும் முன்வடிவு செனட்டுக்குச் சென்றது. அங்கே முழு அவையின் வாக்கெடுப்புக்கே வராமல், இரண்டாண்டுக் கூட்டத்தொடர் முடிந்ததும் காலாவதியானது. வன்முறைக் குற்றம் வெறுப்பால் நடந்தது என்று நிறுவப்பட்டால் ஐந்தாண்டு வரை கூடுதல் சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்க 2021 முன்வடிவு வகை செய்தது. சொத்துச் சேதம் போன்றவை அவையின் விவாதத்திலேயே நீக்கப்பட்டுவிட்டன. முன்வடிவின் ஆதரவாளர்களில் பலர் வருந்தியது இதற்காகத்தான்.

எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்கள் இவை: அடிப்படைக் குற்றத்துக்கு முன்பே தண்டனை உண்டு, நீதிமன்றம் செயலைத் தண்டிக்க வேண்டுமே தவிர எண்ணத்தை அல்ல, பாதுகாக்கப்படும் பிரிவுகளில் பாலியல் நாட்டத்தைச் சேர்ப்பதில் சிலருக்கு உடன்பாடில்லை. கவனிக்கத்தக்கது என்னவென்றால், மாநில வணிகச் சபையும் பெரிய நிறுவனங்கள் பலவும் முன்வடிவை ஆதரித்தன. வெளியிலிருந்து ஊழியர்களை அழைத்துவரும் நிறுவனங்களுக்கு மாநிலத்தின் பெயர் முக்கியம். ஆனால் முதலாளிகளின் ஆதரவும் மேயர்களின் ஆதரவும் சேர்ந்தும் செனட்டை இதுவரை அசைக்கவில்லை.

இது பேச்சுரிமையைப் பறிக்காதா?

மோசமாக எழுதினால் பறிக்கும். அப்படி வீழ்ந்த முக்கியமான சட்டம் ஒரு நகர்மன்றச் சட்டம்தான். மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 1990இல் ஒரு கருப்பினக் குடும்பத்தின் வேலிக்குள் இளைஞர்கள் சிலுவையை எரித்தனர். இனம், மதம் முதலிய அடிப்படையில் பிறருக்குச் சினமூட்டும் சின்னங்களைத் தடைசெய்த நகரச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடப்பட்டது. அச்சட்டம் சில கருத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தண்டிப்பதாகக் கூறி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் அதைச் செல்லாததாக்கியது. மிரட்டல், தீ வைத்தல், சொத்தைச் சேதப்படுத்துதல் ஆகிய குற்றங்களின்கீழ் அவர்களைத் தண்டித்திருக்கலாமே என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

அடுத்த ஆண்டே, விஸ்கான்சின் மாநிலச் சட்டத்தை அதே நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. அங்கே தண்டிக்கப்பட்டது தாக்குதல். பாதிக்கப்பட்டவரை இனத்தின் அடிப்படையில் தேர்ந்தெடுத்தது தண்டனையைக் கூட்டியது, அவ்வளவே. முதல் கேள்விக்கான விடையில் "முன்பே குற்றமான ஒரு செயல் முதலில் வேண்டும்" என்று வலியுறுத்தியதன் காரணம் இந்த இரு தீர்ப்புகள்தான். உங்கள் ஊரின் வரைவில் அந்த அடிப்படைச் செயல் தெளிவாக இல்லையென்றால், அதை ஆதரிக்கும் முன் திருத்தச் சொல்லுங்கள்.

ஒருவன் மனத்தில் என்ன இருந்தது என்று எப்படி நிரூபிப்பார்கள்?

அவன் சொன்ன சொற்கள், அனுப்பிய செய்திகள், சமூக ஊடகப் பதிவுகள், அவ்விடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்த விதம், அதே இலக்கின் மீது முன்பு நடந்த தாக்குதல்கள் ஆகியவற்றைக் கொண்டுதான். நிரூபிக்கும் அளவு குறைவாக இருக்கவும் முடியாது. நியூஜெர்சியில் ஒரு கருப்பினக் குடும்பத்தின் வீட்டை நோக்கிச் சுட்டவருக்கு, வெறுப்பு நோக்கம் இருந்ததாக நீதிபதி தாமே முடிவு செய்து, பத்தாண்டு உச்ச வரம்பைத் தாண்டிப் பன்னிரண்டு ஆண்டுகள் விதித்தார். உச்ச வரம்பை உயர்த்தும் எந்தச் செய்தியும் நடுவர் குழுவின் முன் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை ஏற்க மறுத்தது.

பாதிக்கப்பட்டவர் இந்தியர் என்பதாலேயே ஒரு குற்றம் வெறுப்புக் குற்றமாகிவிடாது என்பதும் இதிலிருந்து விளங்கும். 2017 மார்ச்சில் இம்மாநிலத்தின் லான்காஸ்டர் கவுண்டியில் இந்தியக் கடைக்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது நம் ஊர்த் தொலைக்காட்சிகள் உடனே இனவெறி என்று அறிவித்தன. அதற்கான அறிகுறி இல்லை என்று கவுண்டி ஷெரிஃப் அப்போதே கூறினார். அதற்குச் சில நாள்களுக்கு முன் கன்சாஸின் ஒலேத்தாவில் இந்தியப் பொறியாளர் கொல்லப்பட்டது வேறு வகை. "என் நாட்டை விட்டு வெளியே போ" என்று கத்திவிட்டுச் சுட்டவன், கூட்டரசு வெறுப்புக் குற்றத்தைப் பின்னர் ஒப்புக்கொண்டான்.

நம்மைப் போன்றவர்கள் இதில் எந்தப் பிரிவில் வருவோம்? விசாவில் இருப்பவருக்கும் பொருந்துமா?

இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றன்கீழ் வருவோம். குடியுரிமை தேவையில்லை. பாதிக்கப்பட்டவரின் விசா எதுவாயினும் குற்றம் குற்றமே. தாக்கியவர் தவறாக எண்ணியிருந்தாலும், அதாவது ஓர் இந்துவையோ சீக்கியரையோ முஸ்லிம் என்று நினைத்துத் தாக்கினாலும், கூட்டரசுச் சட்டம் பொருந்தும். உங்கள் ஊரின் வரைவிலும் "உண்மையான அல்லது கருதப்பட்ட அடையாளம்" என்ற பொருள் தரும் சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சாதி இந்தப் பட்டியல்களில் பொதுவாக இல்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அது வேலை, வீடு, பொது இடங்களில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டமே தவிர வெறுப்புக் குற்றச் சட்டம் அன்று.

இது நம்மூர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போன்றதா? வெள்ளையர் தாக்கப்பட்டால் பொருந்தாதா?

ஒப்புமை ஓரளவு சரி. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை ஒட்டித் தண்டனையைக் கூட்டுவது இரண்டிலும் உண்டு. ஆனால் 1989ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எதிராகப் பிறர் செய்யும் குற்றங்களை மட்டும் குறிப்பது. பெருங்குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை தரும் பிரிவில், பாதிக்கப்பட்டவரின் சாதியே காரணம் என்று முன்பு நிறுவ வேண்டியிருந்தது. 2016 முதல் அவர் அச்சாதியினர் என்று தெரிந்தே செய்ததாக நிறுவினால் போதும் என்று திருத்தப்பட்டது. அமெரிக்கச் சட்டங்களில் காரணத்தையே நிறுவியாக வேண்டும்.

மற்றொரு வேறுபாடு, அமெரிக்கச் சட்டங்கள் "இனம்" என்றுதான் சொல்லும்; எந்த இனம் என்று சொல்லாது. மேலே குறிப்பிட்ட விஸ்கான்சின் வழக்கில் தாக்கியவர்கள் கருப்பின இளைஞர்கள், பாதிக்கப்பட்டவன் வெள்ளையினச் சிறுவன். இச்சட்டம் ஒரு சாராருக்கு மட்டும் என்று வாதிடுபவர்களுக்கு இதுவே விடை.

நகர்மன்றச் சட்டத்தின்கீழ்த் தண்டித்துவிட்டால், பிறகு மாநிலம் பெரிய வழக்குப் போட முடியுமா?

ஆதரவாளர்கள் அதிகம் யோசிக்காத, ஆனால் கட்டாயம் யோசிக்க வேண்டிய கேள்வி இது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரணை கூடாது என்பது அமெரிக்க அரசமைப்பின் விதி. மாநிலமும் கூட்டரசும் தனித்தனி இறையாண்மை கொண்டவை என்பதால் அவை இரண்டும் தனித்தனியே வழக்குத் தொடரலாம். 2019இலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. சார்ல்ஸ்டன் கொலையாளிக்கு இரண்டு தண்டனைகள் கிடைத்தது இதனால்தான். ஆனால் நகரத்தின் அதிகாரம் மாநிலத்திடமிருந்து வந்தது. நகரமும் மாநிலமும் ஒரே இறையாண்மைதான் என்று புளோரிடா வழக்கொன்றில் 1970இலேயே தீர்ப்பாகிவிட்டது.

எனவே, 30 நாள் வழக்கை அவசரமாக முடித்துவிட்டால், அதே செயலுக்காக மாநிலம் பின்னர் போட நினைக்கும் பெருங்குற்ற வழக்குக்கு அது தடையாகக்கூடும். இரண்டும் ஒரே குற்றம்தானா என்பது அவற்றின் கூறுகளைப் பொறுத்தது. இதற்கு எளிய காப்பு, கடுமையான தாக்குதல்களில் நகர வழக்குரைஞர் மாநில வழக்குரைஞரிடம் முதலில் கேட்டுக்கொள்வது. உங்கள் மன்றத்தில் விவாதம் வந்தால், அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேறெங்காவது ஊர்கள் முன்வந்ததால் மாநிலச் சட்டம் வந்திருக்கிறதா?

ஊர்கள் மட்டுமே காரணம் என்று சொல்லத்தக்க மாநிலம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஜார்ஜியாவின் கதை பக்கத்து மாநிலம் என்பதால் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே 2000இல் இயற்றிய சட்டம் எந்த அடையாளம் என்று குறிப்பிடாமல் "பாரபட்சம்" என்று மட்டும் கூறியது. தெளிவற்றது என்று 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக நீக்கியது. பிறகு பதினாறு ஆண்டுகள் வெற்றிடம். அந்த இடைவெளியில் 2019இல் சாண்டி ஸ்பிரிங்ஸ் நகரம் தன் சட்டத்தை இயற்றியது. ஆனால் மாநிலத்தை உலுக்கியது, 2020 பிப்ரவரியில் அமாட் ஆர்பரி என்ற கருப்பின இளைஞர் ஓடிக்கொண்டிருந்தபோது துரத்திக் கொல்லப்பட்டதும், அதன் காணொளி மே மாதம் வெளியானதும்தான். ஜூன் 26 அன்று ஆளுநர் பிரையன் கெம்ப் கையெழுத்திட்டார். நகரங்கள் முன்பே எழுதி வைத்திருந்த வாதங்கள் அந்த நேரத்தில் பயன்பட்டன என்று சொல்லலாம். அதற்குமேல் சொல்வது மிகை.

வயோமிங் எதிர்க் கதை. ஷெப்பர்டு கொலைக்குப் பின் 1999இல் வந்த முன்வடிவு கீழவையில் 30க்கு 30 என்ற சம வாக்கால் தோற்றது. தலைநகரான ஷயென் 2022இல் தன் சொந்தச் சட்டத்தை இயற்றியது. மாநிலம் இன்னும் இயற்றவில்லை.

மாநிலச் சட்டம் வந்துவிட்டால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்குமா?

நடக்காது. 2021 மார்ச்சில் அட்லாண்டா பகுதியின் மசாஜ் நிலையங்களில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஆறு பேர் ஆசியப் பெண்கள். ஒரே கொலையாளி, ஒரே நாள், ஒரே மாநிலச் சட்டம். செரோக்கி கவுண்டி வழக்குரைஞர் இன வெறுப்புக்குச் சான்று இல்லை என்று முடிவு செய்தார். ஃபுல்டன் கவுண்டி வழக்குரைஞரோ வெறுப்புக் குற்றத்துக்கான கூடுதல் தண்டனையைக் கோரினார். சட்டம் மாநிலத்துடையதாக இருந்தாலும் அதைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்பது உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கையில். ஷெரிஃப் தேர்தலிலும் வழக்குரைஞர் தேர்தலிலும் வாக்குரிமை உள்ளவர்கள் இதைக் கேட்டு வாக்களிக்கலாம்.

புள்ளிவிவரத்திலும் இதே நிலைதான். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி எஃப்.பி.ஐ. வெறுப்புக் குற்றக் கணக்கைத் திரட்டுகிறது. ஆனால் உள்ளூர்க் காவல்துறைகள் தகவல் அனுப்புவது கூட்டரசைப் பொறுத்தவரை கட்டாயமில்லை. எனவே ஒரு ஊரின் கணக்கில் சுழி என்று இருந்தால், அங்கே எதுவும் நடக்கவில்லை என்றோ எதுவும் பதியப்படவில்லை என்றோ இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம்.

எங்கள் ஊர் மன்றத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டுமானால் என்ன செய்வது? நாங்கள் குடிமக்கள் அல்லவே?

பெரும்பாலான மன்றங்கள் பொதுமக்கள் பேசுவதற்கு ஒவ்வொரு கூட்டத்திலும் நேரம் ஒதுக்குகின்றன. அதற்குப் பெயர் பதிவு செய்யும் முறை மன்றத்துக்கு மன்றம் மாறும். பெரும்பாலும் அங்கே வசிப்பதே போதுமானது, குடியுரிமையைக் கேட்பதில்லை. தென் கரோலினாவில் நகர்மன்றச் சட்டம் இரண்டு வெவ்வேறு நாள்களில், குறைந்தது ஆறு நாள் இடைவெளியில், இருமுறை வாசிக்கப்பட வேண்டும். கவுண்டிகளில் மூன்று வாசிப்புகள். எனவே முதல் வாசிப்பைத் தவறவிட்டாலும் திருத்தம் கேட்க வாய்ப்பு மீதம் இருக்கும். வரைவு, கூட்ட நிகழ்ச்சி நிரலுடன் மன்றத்தின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும்.

பேசும்போது சுருக்கமாக, வரைவின் பிரிவைச் சுட்டிப் பேசுங்கள். அடிப்படைக் குற்றம் தெளிவா, கருதப்பட்ட அடையாளம் சேர்ந்திருக்கிறதா, மாநில வழக்குரைஞருடன் கலந்துகொள்ளும் ஏற்பாடு உண்டா, காவலர்கள் எண்ணிக்கையைப் பதிவு செய்து வெளியிடுவார்களா என்ற நான்கும் மேலே விளக்கப்பட்டவையே. சட்டத்தோடு சேர்த்து, மாநில செனட்டை வலியுறுத்தும் தீர்மானம் ஒன்றையும் அதே கூட்டத்தில் நிறைவேற்றி, அந்தக் கவுண்டியின் செனட் உறுப்பினருக்குப் பெயர் குறிப்பிட்டு அனுப்புமாறு கேளுங்கள். பொதுவாக "சட்டமன்றத்துக்கு" என்று அனுப்பும் தீர்மானத்துக்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை.